முப்பத்து நாலு வயதும் பத்துக் கேரட்டும்

எனக்கு முப்பத்து மூன்று வயது முடிந்த அன்று கேக் வெட்டினோம். மகளுக்கு ஒரு துண்டு ஊட்டினேன். எனக்கென்று எடுத்த துண்டை மட்டும் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். சீனியும் வெண்ணெயும் சேர்ந்தால் ரத்தக் குழாய்கள் என்ன பாடுபடும் என்று அந்த வாரம்தான் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படித்திருந்தேன்.

"பொறந்தநாள் கேக்கயே சாப்பிடலன்னா அடுத்த பொறந்தநாள் எப்படி வரும்?" என்றார் கணவர்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அடுத்த பிறந்தநாள் வருமா என்பதுதான் என் கவலையே.

என் அம்மா முப்பத்து நாலு வயதில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அப்போது எனக்கு நாலு வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்காதான் என்னை வளர்த்துப் படிக்கவைத்தாள். அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது எனக்கு முப்பத்து நாலு நடந்துகொண்டிருந்தது, என் மகளுக்கு நாலு. கூட்டிக் கழிக்கத் தெரிந்தவளுக்குத் தூக்கம் கெட இது போதும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பினாங்கின் பாயான் பாருவில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் கிராணி. கோப்புகளை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவள் உடம்பையும் ஒழுங்காக அடுக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அலுவலகத்திலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்று கொண்டுவந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேர அட்டவணை எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலை ஐந்தரைக்கு வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். ஐந்தே முக்காலுக்கு ஒரு பல் பச்சைப் பூண்டு. ஆறு மணிக்கு உடற்பயிற்சி. ஆறரைக்கு ஆறு கேரட்டின் சாறு.

மாத்திரைகள் பக்கத்து வீட்டுச் சீன அக்காவிடமிருந்து வந்தன. அவள் ஒரு பெரிய பையில் புட்டிகளை வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்பவள். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவற்றை வரிசையாக நிறுத்தி, மலாயும் சைகையுமாக விளக்கினாள். மீன் எண்ணெய்க்கு நெஞ்சைத் தொட்டாள், வைட்டமின் ஏக்குக் கண்ணைத் தொட்டாள். ஈஸ்ட் மாத்திரைக்கு எதைத் தொடுவது என்று தெரியாமல் கொஞ்சம் யோசித்து, "செமுவா லா," என்று உடம்பு முழுக்கக் கையை ஓட்டிக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் நல்லது என்று அர்த்தம். நான் எல்லாவற்றிலும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய பிறகுதான் சந்தேகங்கள் வந்தன. மீன் எண்ணெய் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? வைட்டமினை விழுங்கிய பிறகு தேத்தண்ணி குடித்தால் சத்து போய்விடுமா? கோதுமை முளைத் தவிட்டை எதன்மேல் தூவுவது? சஞ்சிகையில் பாலில் போட்ட சோள அவலின்மேல் தூவச் சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் காலையில் இட்லி. இட்லிமேல் தூவினேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இட்லி கீழ விழுந்துருச்சா?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும் என்று இன்னோர் இடத்தில் படித்தேன். அலுவலகச் சாப்பாட்டு நேரம் நாற்பத்தைந்து நிமிடம். பாதிச் சோறு போவதற்குள் மணி அடித்துவிடும். மீதியை மூடிவைத்துவிட்டு எழுந்து வருவேன். இப்படிப் பாதிப் பட்டினி கிடந்தால் ஆயுள் கூடுமா குறையுமா என்று பிற்பகல் முழுக்கக் கணக்குப் போடுவேன். பக்கத்து மேசைப் பெண் இதை எதையும் கேட்கவில்லை. பூண்டு ஆரம்பித்த இரண்டாம் நாள், மேசை விசிறியை மட்டும் என் பக்கத்திலிருந்து வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

உடற்பயிற்சிக்கு ஒரு கேசட், பசார் மாலாமில் வாங்கியது. வாரம் ஒரு முறை எங்கள் வீதியில் போடும் அந்த இரவுச் சந்தையில் எல்லாக் கேசட்டும் நகல்தான். ஒரு வெள்ளைக்காரி உற்சாகமாக எண்ணிக்கொண்டே போவாள், காலைத் தூக்கு, கையை வீசு என்பாள். நடுவில் திடீரென்று ஒரு மலாய்க் காதல் பாட்டு புகுந்துவிடும். அது முடியும்வரை மூச்சு வாங்கிக்கொள்வோம். வோம் என்றால் நானும் மகளும். நான் கணவரின் பழைய பந்து விளையாட்டுக் கால்சட்டையில், அவள் பாலர் பள்ளிச் சீருடையில். வெள்ளைக்காரியோடு போட்டி போட்டுக்கொண்டு, "சாத்து, டுவா, தீகா," என்று மலாயில் எண்ணுவாள். கணவர் படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "கீழ வீடு இல்லாதது நல்லதாப் போச்சு," என்று மூடிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்மலைக்குப் போய், பூங்காவைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஏறுவோம். ஒரு ஞாயிறு, என் கைப்பையிலிருந்த ஈஸ்ட் மாத்திரைப் புட்டியை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மூடியைக் கடித்துத் திறந்து, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, பிறகு நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்தது.

"பாத்துக்க," என்றார் கணவர். "நாம போய்ச் சேந்தப்புறமும் அது இங்கதான் ஒக்காந்திருக்கும்."

நான் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதங்களில் நான் நிறையச் சிரித்தேன். உடம்பு லேசாகிவிட்டது. மேட்டுப் பாதையில் மூச்சுத் திணறாமல் ஏறினேன். தொழிற்சாலையில் மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியையும் படியில் ஓடிக் கடந்து, மேலே போய் நின்றதும் இன்னொரு முறை ஏறலாமா என்று தோன்றும். பயத்தில் ஆரம்பித்த காரியம் இவ்வளவு குதூகலமாக இருக்கலாமா, இதற்கு ஏதாவது தண்டனை வருமா என்றும் இடையிடையே தோன்றும்.

வந்தது.

பாலர் பள்ளியில் ஒரு நாள் 'என் அம்மா' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மகள் கொண்டுவந்து காட்டினாள். முகம் பழுப்பு, முடி கறுப்பு, கால்சட்டை நீலம். இரண்டு கைகளும் ஆரஞ்சு.

"ஏன்டா கைக்கு இந்தக் கலர்?"

"அம்மா கை அந்தக் கலர்தானே."

"அது மஞ்சள்டா. அம்மா மஞ்சள் பூசிக் குளிக்கிறேன்ல."

வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் தேய்த்துக் குளிப்பது எனக்கு அக்கா பழக்கிய பழக்கம். படத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே போனதும்தான் கால் நின்றுவிட்டது. மஞ்சள் கிழங்கு தீர்ந்துபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பட்டணத்துக்குப் போகும்போது வாங்க வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று வாரமும் வெறும் சவர்க்காரம்தான்.

சன்னலோரம் போய்க் கைகளை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை, விரலிடுக்கு எல்லாம் பழுத்த பப்பாளியின் நிறம். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பினேன். அதுவும். கண்ணாடியில் மூக்கின் இரண்டு ஓரங்களையும் பார்த்தேன். அதுவும்தான்.

மஞ்சள் பூசாத ஊர்ப் பெண்ணாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்திருப்பாள். நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்து, வெள்ளிக்கிழமை மஞ்சள் இன்னும் போகவில்லை, நல்ல கிழங்கு என்று கடைக்காரரை மனதுக்குள் மெச்சியிருக்கிறேன். சாயங்காலம் கணவர் வந்ததும், சாதாரணமாகக் கேட்பதுபோல், "என் கை ஒரு மாதிரி இருக்கா?" என்றேன்.

"மஞ்சளாத்தான் இருக்கு. இப்பல்லாம் தெனமும் பூசுறியே. பக்தி கூடிப் போச்சுன்னு நெனச்சேன்."

மேற்கொண்டு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும்போல் இருந்தது. மகளைத் தூங்கவைக்கும்போது அவள் என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். நான் நாலு வயதில் யார் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அக்காவின் விரல்தான் ஞாபகம் வந்தது. அம்மாவின் விரல் ஞாபகம் வரவில்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர்கள் மருத்துவரிடம் போவார்கள். நான் சஞ்சிகையை எடுத்தேன். ஈரலுக்கு நல்லது எது என்று தேடினேன். முதலில் இருந்தது கேரட். அடுத்த நாளிலிருந்து ஆறு கேரட்டைப் பத்தாக்கினேன். சாயங்காலம் பூசணிக்காயும் சேர்த்துக்கொண்டேன், இரவு இரண்டு துண்டு பப்பாளி. சாறு பிழியும் இயந்திரம் காலையில் கதறுவதைக் கேட்டுச் சீன அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். என் கைகள் நாளுக்கு நாள் மேலும் பழுத்தன. பழுக்கப் பழுக்க நான் இன்னும் ஒழுங்காகக் குடித்தேன். பத்து நாளில் கணவருக்குத் தேத்தண்ணிக் கோப்பையைத் துணி சுற்றிப் பிடித்துக் கொடுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

"அவ்வளவு சூடா?" என்று கேட்டுக்கொண்டே அவர் துணியை விலக்கினார். என் கையைப் பார்த்தார், தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அம்மாவின் கதை அவருக்கும் தெரியும். எழுந்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

ஜார்ஜ் டவுனில் அவர் என்னைக் கூட்டிப்போன மருத்துவர் வயதானவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் பேச்சில் யாழ்ப்பாணம் போகாதவர். என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண் இமையைக் கீழே இழுத்தார்.

"மேல பாரும் பிள்ளை. இப்ப கீழ." இமையை விட்டுவிட்டார். "கண் வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. காமாலை எண்டால் முதல் கண்ணிலதான் தெரியும். என்ன சாப்பிடுறனீர்?"

நான் கைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து மேசைமேல் விரித்தேன். கிளம்பும் அவசரத்திலும் குளிர்ப்பெட்டியிலிருந்து அதைக் கிழியாமல் உரித்துக் கொண்டுவந்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒரு பரீட்சைத் தாளைப் போல மேலிருந்து கீழே படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதில ஆறு எண்டிருந்ததை வெட்டிப் பத்து எண்டு எழுதியிருக்கு."

"ஈரலுக்கு நல்லதுன்னு படிச்சேன், டாக்டர்."

"ஒரு நாளைக்குப் பத்துக் கரட்டோ?"

"சின்னதா இருந்தா பதினொண்ணு."

அவர் என் கணவரைப் பார்த்தார். "தம்பி, முயலும் இவ்வளவு தின்னாது."

கணவர் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கேரட்டின் நிறம்தான் தோலில் தங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை, நிறுத்தினால் சில வாரங்களில் தானாகப் போய்விடும் என்றார் மருத்துவர். மீன் எண்ணெயையும் வைட்டமின் ஏயையும் கொஞ்ச நாள் தொட வேண்டாம், ஓட்டத்தையும் ஆட்டத்தையும் விட வேண்டாம் என்றார். "ஆனாலும் உம்மட மனதுக்காக ரத்தம் எடுத்துப் பாப்பம்."

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. ஈரல் நன்றாக இருந்தது. தாளை என்னிடம் நீட்டிய மருத்துவர் அதை உடனே விடவில்லை.

"கரட்டைப் பாத்துப் பயப்பிடுற ஆள் இல்லை நீர். இதுக்குப் பின்னால என்ன கிடக்கு?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன், எனக்குத் தெரிந்த அந்த ஒரு வாக்கியத்தை.

"என்ன காமாலை, எதால வந்தது எண்டு ஆரிட்டயாவது கேட்டனீரோ?"

கேட்கவில்லை என்றேன். முப்பது வருஷத்தில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பது, அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே விசித்திரமாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை ஃபெரியில் கடலைக் கடந்து, பஸ் பிடித்துப் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கீரைக்குக் கை நீட்டியதும் என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"யாருடி வச்சுவிட்டா மருதாணி? பூவும் இல்ல, பொட்டும் இல்ல, அப்பி விட்ருக்கா."

எல்லாவற்றையும் சொன்னேன், பத்துக் கேரட்டிலிருந்து ரத்தப் பரிசோதனைவரை. கடைசியில், தயங்கித் தயங்கி, அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அக்கா கீரைத் தண்டு ஒன்றை முழுதாக ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நாம குடியிருந்த பாகான் டாலாம்ல அப்ப வீட்டு வரிசைக்கே ஒரு கெணறு. அந்த வருஷம் பெரிய மழ. சாக்கடைத் தண்ணி உள்ள எறங்கிருச்சு. நம்ம வரிசையில ஏழெட்டு பேருக்குக் காமாலை வந்துச்சு. எனக்குந்தான் வந்துச்சு."

"உனக்கா?"

"கண்ணெல்லாம் எலுமிச்சம்பழமாட்டம். எல்லாரும் ஒரு மாசத்துல எந்திரிச்சிட்டோம். அம்மா அப்ப மாசமா இருந்தா, ஏழு மாசம். அதான் தாங்கல."

அம்மா மாசமாக இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வராமலே போன ஒரு தம்பியோ தங்கையோ எனக்கு உண்டு என்பதும் தெரியாது.

"அப்ப இது நம்ம ரத்தத்துல உள்ளது இல்லையா?"

"தண்ணியில இருந்தது. ரத்தத்துல என்ன இருக்கு?"

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"நாலு வயசுப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்றது? அப்புறம் நீ பெரிய படிப்பு படிச்ச. தெரியும்னு நெனச்சேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதே நேரத்தில் நெஞ்சிலிருந்து எதையோ தூக்கி இறக்கி வைத்ததுபோல உடம்பு முழுக்க லேசாகி, தலை சுற்றியது. எழுந்து ஓடலாம்போல் இருந்தது. எங்கே ஓடுவது என்று தெரியாமல் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முன்னறையில் அத்தான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எனக்கு முப்பத்தி நாலு நடந்தப்ப, வருஷம் முழுக்க தெனம் பாவக்கா சாறு குடிச்சேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீ எதுக்குக் கேரட்டு குடிச்ச?"

"உனக்குத்தான் காரணம் தெரியுமே. தண்ணின்னு தெரியும்ல?"

"தெரியும்லா. தெரிஞ்சா பயம் போயிருமா?" என்றாள் அக்கா. "கொல்லையில போய் நின்னு குடிப்பேன். ஒங்க அத்தான் ஒரு நாளு பாத்துட்டாரு. செடிக்கு மருந்துன்னு சொல்லிட்டேன். நல்ல மருந்தா இருக்கேன்னு மனுசன் மீதிய எடுத்து ரோசாச் செடிக்கு ஊத்திட்டாரு."

முதலில் எனக்கு மூக்கு வழியாகத்தான் சிரிப்பு வந்தது. அக்கா "சிரிக்காதடி" என்று சொல்லிக்கொண்டே தானும் ஆரம்பித்தாள். "செடி என்னாச்சு?" என்று கேட்டேன். "அது இன்னும் இருக்குடி" என்று அவள் சொன்னதும் இருவரும் கீரைமேல் சாய்ந்துவிட்டோம். என்ன சத்தம் என்று அத்தான் கேட்டார். "ஒண்ணுமில்ல, கீரையில பூச்சி," என்றாள் அக்கா. அதற்கு இன்னொரு முறை சிரித்தோம். பன்னிரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒளிந்து நின்று, கசப்பாகவும் இனிப்பாகவும் ஒரே பயத்தைக் குடித்திருக்கிறோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா அந்த அட்டவணையைக் கேட்டாள். மடியில் விரித்து, படிக்கத் தெரியாத ஆங்கில எழுத்துகளை விரலால் தடவினாள். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பூண்டுக்குத் தலையை ஆட்டினாள். ஈஸ்ட் மாத்திரை குரங்குக்குப் போதும் என்றாள். கேரட் வந்ததும் என் கையைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு," என்று விரலைக் காட்டினாள்.

"இதெல்லாம் செஞ்சா எத்தன வயசு வரைக்கும் போவும்?"

"ஒழுங்கா செஞ்சா தொண்ணூறு வரைக்கும் போவலாம்க்கா."

"அப்ப எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. தொண்ணூறு வரைக்கும் நீ தனியா இருந்து என்ன பண்ணப் போற?"

"நீ எனக்குப் பன்னண்டு வயசு மூப்பு. எனக்குத் தொண்ணூறு வந்தா ஒனக்கு நூத்தி ரெண்டு."

"வரட்டுமே," என்றாள் அக்கா. கீரைத் தட்டைச் சுவரோரம் தள்ளிவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "மொதல்ல காலத் தூக்குறது எப்படின்னு காட்டு."